மாலை ஆறு மணிக்கு மேல் வந்த வளைவு

என் ஆய்வுக் காலத்தில் என்னை மிகவும் மகிழ்வித்த வரைபடத்தை வரைந்தது கட்டடத்தின் குளிர்சாதன இயந்திரம் என்பது நான்கு நாட்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. சிலிக்கான் சில்லின் மீது செதுக்கப்பட்ட ஒரு நுண் வளையத்துக்குள் ஒளியைச் செலுத்தி, அதன் மேல் ஓடும் திரவத்தில் நாங்கள் தேடும் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. பகலில் ஆள் நடமாட்டத்தால் மேசை அதிரும் என்பதால், மாலை ஆறு மணிக்கு மேல்தான் மாதிரியைச் செலுத்துவேன். செலுத்திய சில நிமிடங்களில் வளையத்தின் ஒத்ததிர்வு அலைநீளம், அதாவது வளையத்துக்குள் சரியாகப் பொருந்தும் ஒளியின் அலைநீளம், ஏறத் தொடங்கும். முதலில் வேகமாகவும் பிறகு தயங்கித் தயங்கியும் உயர்ந்து, சுமார் 30 பிக்கோமீட்டரை எட்டியதும் அப்படியே நின்றுவிடும். புரதங்கள் ஒன்றோடொன்று பிணைவதைக் காட்டப் பாடநூல்களில் வரைந்திருக்கும் அதே வளைவு. மறுநாளும் வந்தது, மூன்றாம் நாளும் வந்தது. நான்காம் நாள், ஒரு முறைக்காக, புரதம் எதுவும் கலக்காத வெறும் தாங்கல் கரைசலைச் செலுத்தினேன். அப்போதும் அதே வளைவு வந்தது.

அந்தக் கட்டடத்தின் குளிர்சாதனத்தை மாலை ஆறு மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அறை மெல்லச் சூடேறும். சில்லுக்கு அடியில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தகடு ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் சில்லின் மேல் ஓடிய திரவம் அறையின் சூட்டைத்தான் சுமந்து வந்தது. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் சிலிக்கான் வளையத்தின் ஒத்ததிர்வு 70 முதல் 80 பிக்கோமீட்டர் வரை நகரும். ஆகவே என் 30 பிக்கோமீட்டருக்கு அரை டிகிரி கூடத் தேவைப்படவில்லை. சூடேறும் பொருள் முதலில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் சமநிலையை நெருங்கும் கணக்கும், புரதம் ஒரு பரப்பில் படிந்து நிரம்பும் கணக்கும் வடிவத்தில் ஒன்றே என்பதால், வளைவைப் பார்த்து எவராலும் வேறுபாடு சொல்லியிருக்க முடியாது. தேடும் புரதத்தை மட்டும் பிடிக்கும் மூலக்கூறுக்கு எதிர்ப்பொருள் என்று பெயர். அதே சில்லில், இத்தகைய பிழைகளைக் கழிப்பதற்கென்றே எதிர்ப்பொருள் பூசாத ஒப்பீட்டு வளையம் ஒன்றும் இருந்தது. அதன் ஒளியிணைப்பு பழுதாகியிருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

ஆய்வை விட்டு வெளியே வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும், ஒரு சொட்டு இரத்தத்தை வைத்துச் சில நிமிடங்களில் நோயறியும் ஒளிச்சில்லு வந்துவிட்டது என்னும் செய்தி ஆண்டுக்கு இரண்டு முறையாவது எவர் மூலமாவது எனக்கு வந்துவிடுகிறது. அந்தச் செய்திகள் பெரும்பாலும் ஒளியின் நுட்பத்தைப் பற்றியே வியக்கின்றன. இத்துறையில் ஒளிதான் எளிதான பகுதி என்பது நான் கண்டது. அதைச் சொல்வதற்கு முன், அந்த எளிதான பகுதியும் எவ்வளவு அழகானது என்று சொல்லியாக வேண்டும்.

கல்லூரிச் சுற்றுலாவில் பிஜாப்பூரின் கோல் கும்பஸுக்குப் போயிருந்தோம். 1656இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கல்லறை மண்டபத்தின் குவிமாடத்துக்கு உட்புறமாக ஒரு சுற்று மாடம் ஓடுகிறது. அதன் ஒரு புறத்தில் சுவரோடு வாயை வைத்துக் கிசுகிசுத்தால், முப்பது மீட்டருக்கும் அப்பால் எதிர்ப்புறத்தில் சுவரோடு காதை வைத்திருப்பவருக்கு அது தெளிவாகக் கேட்கும். ஒலி மண்டபத்தின் நடுவெளியில் சிதறிவிடாமல், வளைந்த சுவரை ஒட்டியே தவழ்ந்து செல்வதுதான் காரணம். லண்டனின் செயின்ட் பால் தேவாலயத்தில் உள்ள இத்தகைய மாடத்தை வைத்து ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு இதற்கு விளக்கம் தந்தார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1921இல் லண்டன் சென்றபோது அதே மாடத்தில் சதர்லேண்ட் என்பவருடன் சேர்ந்து சோதனைகள் செய்து, ராலேயின் கணக்கில் விடுபட்டிருந்த சில நுட்பங்களைச் சுட்டிக்காட்டினார். ஒளிச்சிதறலில் தன் பெயரை நிலைநிறுத்திக்கொள்வதற்குச் சில ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. இராமனைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் இதை ஏனோ அதிகம் சொல்வதில்லை.

நுண்வளையச் சில்லில் நடப்பது அதே கிசுகிசுப்புதான். ஒலிக்குப் பதில் ஒளி, கற்சுவருக்குப் பதில் சிலிக்கான். சுமார் 500 நானோமீட்டர் அகலமும் 220 நானோமீட்டர் உயரமும் உள்ள ஒரு சிலிக்கான் வரப்புக்குள் ஒளியை விட்டால், முழு அக எதிரொளிப்பின் காரணமாக அது வரப்பை விட்டு வெளியேறாமல் ஓடும். இதற்கு அலைநடத்தி என்று பெயர். நேராக ஓடும் ஓர் அலைநடத்தியின் அருகில், இன்னொன்றை வட்டமாக வளைத்து வைத்தால் அது வளையம். வளையத்தின் சுற்றளவுக்குள் முழு எண்ணிக்கையிலான அலைகள் சரியாகப் பொருந்துகிற நிறம் எதுவோ, அந்த நிற ஒளி மட்டும் வளையத்துக்குள் தாவிச் சுற்றிச் சுற்றி வலுப்பெறும். மறுமுனையில் வெளிவரும் ஒளியில் அந்த நிறம் மட்டும் குறைந்திருக்கும். நிறம் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். பயன்படுவது பெரும்பாலும் 1550 நானோமீட்டரை ஒட்டிய, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

வெளியேறாமல் ஓடும் என்று சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. முழு அக எதிரொளிப்பு என்பது பெயரளவில்தான் முழுமையானது. எதிரொளிக்கும் பரப்பைத் தாண்டியும் ஒளி சற்றே கசிந்து, மிகக் குறுகிய தொலைவில் தேய்ந்து மறைகிறது. அந்தக் கசிவின் எல்லைக்குள் மற்றொரு ஊடகத்தைக் கொண்டுவந்தால் ஒளி இடைவெளியைத் தாண்டி அதற்குள் பாய்ந்துவிடும். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1897இல் இரண்டு முப்பட்டகங்களுக்கு இடையே காற்று இடைவெளி விட்டு, அந்த இடைவெளியை மாற்றி மாற்றி மின்காந்த அலைகள் எவ்வளவு தாண்டுகின்றன என்று அளந்தார். அவர் கையாண்ட அலைகள் நீளமானவை என்பதால் இடைவெளியைக் கையால் திருகி மாற்ற முடிந்தது. நம் சிலிக்கான் வரப்பில் இந்தக் கசிவு சுமார் 100 நானோமீட்டர் அளவுக்கே நீளும். ஓர் எதிர்ப்பொருள் மூலக்கூறின் உயரம் ஏறத்தாழ 10 நானோமீட்டர். வரப்பின் மேல் எதிர்ப்பொருள்களை நட்டு வைத்தால், அவை முழுவதும் அந்தக் கசிவுக்குள்ளேயே நிற்கும். அவற்றின் கைகளில் இலக்குப் புரதம் வந்து சிக்கும்போது, அந்த இடத்தில் இருந்த நீர் விலகிப் புரதம் அமர்கிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, புரதத்துக்கு அதைவிட அதிகம். ஒளிக்கு வளையம் சற்றே நீண்டுவிட்டதுபோல் ஆகிறது. பொருந்தும் அலைநீளம் சற்றே நகர்கிறது. நான் அளந்ததாக நம்பிய 30 பிக்கோமீட்டர், ஒரு ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்த அளவு நகர்வையும் சாதாரண ஆய்வகக் கருவிகளால் பிடித்துவிட முடிகிறது என்பது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் டி வோஸ், பீன்ஸ்ட்மன், பாட்ஸ் முதலியோர் 2007இல் வெளியிட்ட கட்டுரைதான் எங்கள் தலைமுறைக்கு அரிச்சுவடி. கைபேசிச் சில்லுகளைச் செய்யும் அதே வகைத் தொழில்நுட்பத்தால் செய்யப்பட்ட, பத்து மைக்ரோமீட்டர் சதுரத்துக்குள் அடங்கும் வளையத்தை வைத்து, மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் அளவு அவிடின் என்னும் புரதத்தை அவர்கள் உணர்ந்துகாட்டினார்கள். சாயம் வேண்டாம், ஒளிரும் அடையாளம் ஒட்ட வேண்டாம், பிணைவது நடக்கும்போதே பார்க்கலாம். இதே சிறப்புகளைத் தங்கப் படலத்தின் மீது ஒளியைச் செலுத்திப் பெறும் முறை ஒன்று 1983இல் ஸ்வீடனின் லிங்ஷோப்பிங்கில் உருவாகி, 1990இல் பியாகோர் என்னும் கருவியாகச் சந்தைக்கு வந்து, மருந்து ஆய்வகங்களில் நிலைபெற்றுவிட்டிருந்தது. ஆனால் அது மேசையை அடைக்கும் கருவி. சில்லு வந்தபோது, அந்த மேசைக் கருவி சட்டைப்பைக்குள் வந்துவிடும் என்று எல்லோரும் எண்ணினோம்.

அந்த 10 நானோகிராம் கணக்கைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். அவிடினைப் பிடிக்க வளையத்தின் மீது பூசப்பட்டிருந்தது பயோடின் என்னும் வைட்டமின். புரதங்கள் பிற மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும் பிணைப்புகளில், அறியப்பட்ட மிக வலுவானவற்றுள் ஒன்று இவ்விரண்டுக்கும் இடையிலானது, பிடித்தால் விடாது. இதன் எண்ணிக்கைப் பொருள் எனக்கு ஆய்வகத்தில் உறைக்கவில்லை. அப்பாவுக்கு ஓர் இரவு நெஞ்சு கனத்தபோதுதான் உறைத்தது.

எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. பணியில் இருந்த மருத்துவர் இளம் பெண். "இப்ப ஒரு ட்ரோபோனின் எடுத்திருக்கோம் ஐயா, மூணு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு எடுக்கணும், அதுவரைக்கும் படுத்திருங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். ட்ரோபோனின் என்பது இதயத் தசையில் இருக்கும் புரதம். தசை சேதமுற்றால் அது இரத்தத்தில் கசியும். அந்த மருத்துவமனை பயன்படுத்திய வகைப் பரிசோதனையில், உடல்நலத்தோடு இருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரிடம் லிட்டருக்கு 14 நானோகிராமுக்குள்தான் அது இருக்கும். அந்த எல்லையைத் தாண்டுகிறதா, தாண்டினால் ஏறிக்கொண்டே போகிறதா என்பதே கேள்வி. நாங்கள் கொண்டாடிய மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமை லிட்டர் கணக்குக்கு மாற்றினால் 10,000 நானோகிராம். அந்த இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்து மனத்துக்குள் வகுத்துப் பார்த்தேன்: எழுநூறு மடங்குக்கும் மேல் இடைவெளி. அதுவும் தூய கரைசலில், அவ்வளவு வலுவான பிணைப்பை வைத்து.

இரத்தம் தூய கரைசல் இல்லை. ஒரு லிட்டர் இரத்தநீரில் அல்புமின் என்னும் புரதம் மட்டும் 40 கிராம் அளவில் இருக்கிறது. அதற்கும் 14 நானோகிராம் ட்ரோபோனினுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 300 கோடிக்கு ஒன்று. எதிர்ப்பொருள் அல்புமினைப் பிடிக்காது என்பது சரிதான். ஆனால் எதிர்ப்பொருள்களுக்கு இடையே வெற்றிடம் இருக்கும். அந்த இடத்தில் அல்புமினும் மற்றப் புரதங்களும் எவ்வித உறவும் இல்லாமல் சும்மா வந்து ஒட்டிக்கொள்ளும். முந்நூறு கோடியில் ஓரிரண்டு ஒட்டினாலே தேடிய புரதத்தின் குரல் அமுங்கிவிடும். வளையமோ தன் கசிவுக்குள் வந்த எதையும் எடையாகவே காணும். வந்தது இன்னார் என்று அதற்குத் தெரியாது. அறையின் சூட்டைப் புரதம் என்று எனக்குச் சொன்னதும் இந்தக் குணத்தால்தான். ஆகவே இத்துறையில் உண்மையான வேலையின் பெரும்பகுதி, ஒட்டக்கூடாதவற்றை ஒட்டாமல் தடுக்கும் பூச்சுகளைச் செய்வதிலும், ஒட்டியதைக் கழிப்பதற்கு ஒப்பீட்டு வளையங்களை வைப்பதிலும் போகிறது. பூச்சு வேதியியலாளரின் வேலை. நாங்கள் மின்னணுப் பொறியாளர்கள். எங்கள் குழுவில் ஆறு பேர் அலைநடத்தியை மெருகேற்றிக்கொண்டிருக்க, பூச்சைப் பார்த்துக்கொண்டவர் ஒருவர். அவரும் பகுதி நேரம்.

அடுத்தது காத்திருப்பு. புரத மூலக்கூறு சில்லை நோக்கி நீந்தி வருவதில்லை. தற்செயலாக அலைந்து அலைந்துதான் வந்து சேர்கிறது. இந்த அலைச்சலின் கணக்கில் தொலைவு இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். பெரிய புரதம் ஒன்று ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக் கடக்க ஓரிரண்டு நிமிடம் ஆகும் என்றால், முழு மில்லிமீட்டரைக் கடக்க அதைப்போல் நூறு மடங்கு, அதாவது மணிக்கணக்கு. உணரியைச் சிறிதாக்கச் சிறிதாக்க, அதைத் தற்செயலாக வந்து தொடும் மூலக்கூறுகளும் குறையும். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தைச் சேர்ந்த ஷீஹனும் விட்மனும் 2005இலேயே இதைக் கணக்கிட்டு, மிகக் குறைந்த செறிவுகளில் நானோ அளவு உணரி ஒன்று தன் முதல் சில மூலக்கூறுகளுக்காக மணிக்கணக்கில், ஏன் நாட்கணக்கில்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று காட்டிவிட்டார்கள். உணரி எவ்வளவு கூர்மையானது என்பது அங்கே பேச்சே இல்லை. வராத விருந்தாளியை வாசலில் எவ்வளவு கூர்ந்து பார்த்து என்ன பயன். ஆயினும் அதன் பிறகும் பல ஆண்டுகள், நாங்கள் உட்படப் பலரும், வளையத்தின் கூர்மையைக் கூட்டுவதிலேயே போட்டியிட்டுக்கொண்டிருந்தோம். கூர்மைக்கு ஓர் எண் உண்டு, அட்டவணையில் போடலாம், முந்தைய குழுவின் எண்ணை வென்றேன் என்று எழுதலாம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மருத்துவமனையின் ஆய்வகத்தில் இருக்கும் பெரிய இயந்திரம் இந்தச் சிக்கலை மிக எளிதாகக் கடந்துவிட்டது. அது எதிர்ப்பொருள்களை ஒரு தட்டையான பரப்பில் நட்டு வைத்துக் காத்திருப்பதில்லை. அவற்றை இரத்தநீருக்குள்ளேயே கலந்துவிட்டு, அவற்றைப் பற்றிக்கொள்ளும், காந்தத்தன்மை உள்ள நுண்மணிகளைப் பின்னர் சேர்க்கிறது. எந்த மூலக்கூறும் ஏதாவது ஓர் எதிர்ப்பொருளுக்கு அருகில்தான் இருக்கும் என்பதால் அலைச்சல் குறைகிறது. பிறகு காந்தத்தால் மணிகளை இழுத்து, மற்றவற்றைக் கழுவி ஊற்றிவிட்டு, இரண்டாவது எதிர்ப்பொருளோடு ஒட்டி வந்திருக்கும் உருத்தேனியச் சேர்மத்தை மின்னூட்டி ஒளிரச் செய்து அந்த ஒளியை எண்ணுகிறது. அதுவும் ஒளியால் அறிவதுதான். பரிசோதனை முடியச் சுமார் 18 நிமிடம். இரண்டு வெவ்வேறு எதிர்ப்பொருள்கள் ஒரே மூலக்கூறை இரு புறமும் பிடித்தால்தான் ஒளி வரும் என்பதால், சும்மா வந்து ஒட்டிய அல்புமின் கணக்கில் சேர்வதில்லை. சில்லு ஆய்வாளர்களும் கடைசியில் இதே வழிக்குத்தான் வந்தார்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரையன் பெய்லியின் குழு, வளையத்தில் பிடிபட்ட புரதத்தின் மேல் இரண்டாவது எதிர்ப்பொருளையும் நுண்மணியையும் ஏற்றிச் சமிக்ஞையைப் பெருக்கிக் காட்டியது. அடையாளம் ஒட்டத் தேவையில்லை என்பதையே பெருமையாகச் சொல்லிப் புறப்பட்ட துறை இது. ஆனாலும் அந்தத் திருப்பம் சரியானது என்றே கருதுகிறேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இன்னொன்றும் புரிந்தது. இயந்திரத்துக்கு 18 நிமிடம் போதும் என்றால், மூன்று மணி நேரம் எதற்கு? அது இதயத்துக்கான நேரம். தசை சேதமுற்ற பிறகு ட்ரோபோனின் இரத்தத்தில் கண்டறியத்தக்க அளவுக்கு ஏறுவதற்கே அவ்வளவு நேரம் பிடிக்கிறது. நுண்மையான பரிசோதனைகள் வந்த பிறகு இதை ஒரு மணி, இரண்டு மணி நேரமாகச் சுருக்கும் வழிமுறைகளும் உள்ளன. ஆனாலும் பெரும்பாலும் இரண்டாவது முறை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். நான் நான்காண்டுகள் உழைத்த சில்லு குறையின்றி வேலை செய்து அந்த அறையில் இருந்திருந்தாலும், அப்பா அதே கட்டிலில் அதே நேரம்தான் படுத்திருப்பார். விடியற்காலையில் இரண்டாவது முடிவு வந்தது. முதலாவதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை, இரண்டும் எல்லைக்குள். தேநீர் வாங்கிக் கொடுத்தபோது அப்பா, "நீ பண்ணிட்டு இருந்தியே, அந்தச் சில்லு, அது இதைத்தானே பார்க்கும்?" என்று கேட்டார். பார்க்கும் அப்பா, ஆனால் அதையும் இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்றேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தச் சில்லுகளால் பயனில்லை என்று நான் கருதுவதாக எவரும் எண்ண வேண்டாம். தவறான இலக்கைத் தேடினோம் என்பதே என் மனக்குறை. ட்ரோபோனின் போன்ற அரிதான புரதங்களை விட்டு, உடலே உற்பத்தி செய்யும் எதிர்ப்பொருள்களைத் தேடினால் நிலைமை மாறிவிடுகிறது. தொற்றுக்குப் பிறகும், உடல் தன்னையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களிலும், எதிர்ப்பொருள்கள் ட்ரோபோனினைவிடப் பல்லாயிரம் மடங்கு செறிவில் இருக்கும். அங்கே வளையத்துக்குப் போதிய கூர்மை ஏற்கெனவே உண்டு. அதோடு, ஒரே சில்லில் நூற்றுக்கும் மேற்பட்ட வளையங்களை வைத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு புரதத்தைப் பூசி, ஒரே சொட்டில் பல கேள்விகளைக் கேட்கலாம். பெரிய இயந்திரம் ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக ஓட வேண்டும். அமெரிக்காவின் சான் டியாகோவைச் சேர்ந்த ஜெனலைட் நிறுவனம் இந்த வழியில்தான் போனது. கோவிட் காலத்தில், ஒரே சில்லில் பல வைரஸ் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைப் பார்க்கும் அதன் பரிசோதனைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அவசரகால அனுமதியும் 2020இல் கிடைத்தது.

சட்டைப்பைக் கனவுக்கு இன்னொரு தடை ஒளி மூலம். சில்லு நகக்கண் அளவு. அதற்கு ஒளி தரும், அலைநீளத்தை நுட்பமாக மாற்றக்கூடிய லேசரோ பெட்டி அளவு, விலையும் அதற்கேற்றபடி. சில்லுக்குள் அடங்கிய ஆய்வகம் என்று சொல்லிக்கொண்டு ஆய்வகத்துக்குள் அடங்கிய சில்லைச் செய்கிறோம் என்பது இத்துறையில் பழைய கேலி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லூகாஸ் குரோஸ்டாவ்ஸ்கியின் குழு, அலைநீளம் மாறாத, விலை குறைந்த லேசரைச் சில்லோடு சேர்த்துப் பொருத்தும் வழிகளில் உழைத்துவருகிறது. சிலிக்கானுக்குப் பதில் சிலிக்கான் நைட்ரைடு கொண்டு அலைநடத்தி செய்தால், நீர் அதிகம் உறிஞ்சாத குறைந்த அலைநீளங்களுக்கு இறங்கலாம்; வெப்பத்தால் வரும் நகர்வும் குறையும். பார்சிலோனாவில் லாரா லெச்சுகா வழிநடத்தும் குழு வளையத்தையே விட்டுவிட்டு, ஒரே நைட்ரைடு அலைநடத்திக்குள் இரண்டு வகை ஒளிப்பாங்குகளை, அதாவது ஒளி பரவும் இரண்டு விதங்களை, ஓடவிட்டு அவற்றின் குறுக்கீட்டைப் பார்க்கிறது. சென்னை ஐஐடியில் சிலிக்கான் ஒளியியலுக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. அதே வளாகத்தில் இன்னொரு குழு, சில்லே இல்லாமல், சாதாரண பிளாஸ்டிக் ஒளியிழையை ஆங்கில 'யு' எழுத்துப்போல் வளைத்து, வளைவில் கசியும் ஒளியைக்கொண்டு உணரிகள் செய்கிறது. ஒளிக்கு ஒரு சிறு எல்இடி விளக்கே போதும் என்பதால், ஆரம்பச் சுகாதார நிலையத்தின் மேசைக்கு எது முதலில் வந்து சேரும் என்று என்னைக் கேட்டால் அந்த வளைந்த இழையைத்தான் சொல்வேன்.

இப்போதும் புதிய கட்டுரை ஏதாவது வந்தால் படிக்கிறேன். சுருக்கத்தைப் பார்ப்பதற்கு முன், மாதிரி தாங்கல் கரைசலா, நீர்த்த இரத்தநீரா, முழு இரத்தமா என்று தேடுகிறேன். அடுத்து, ஒப்பீட்டு வளையத்தின் கோட்டையும் அதே படத்தில் வரைந்திருக்கிறார்களா, அல்லது கழித்த பிறகு மிஞ்சியதை மட்டும் காட்டுகிறார்களா என்று பார்க்கிறேன். என் பழைய குறிப்பேட்டில் அந்த மூன்று நாள் வளைவுகளும் ஒன்றன் மேல் ஒன்றாக அச்சிட்டு ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் மாதிரியைச் செலுத்திய நேரத்தை ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறேன்: 6.05, 6.10, 6.05.